தண்ணியைப் பார்த்தால் இருபத்தைந்து சதம்

இலங்கைத் தீவில் பால் ஊற்றாத ஒரே பிளேன்டித் தேத்தண்ணிக்கு மூன்று விலை சொன்ன மனிதர் ஒருவர்தான். அவர் கப்பல் அப்பு. இதை நம்பாதவர்கள் அறுபதுகளின் நடுவில் அட்டனிலிருந்து நோர்வூட் பக்கம் பஸ்ஸில் போகாதவர்கள். நான் தினமும் போனேன். போகாமல் முடியாது, அந்த பஸ்ஸுக்கு நான்தான் கண்டக்டர்.

காசல்ரீயில் அணை கட்டிப் பள்ளத்தாக்கில் தண்ணீர் ஏறியிருந்த சமயம். கரையோர ஏற்றத்தில் எங்கள் வண்டிக்கு மூச்சு வாங்கும். டிரைவர் பியதாச இறங்கி ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றுவார். சூடு ஆறும்வரை பயணிகள் என்னைத் திட்டுவார்கள், நான் பியதாசவைத் திட்டுவேன். எனக்குப் பொறுமை என்பது பிறவியிலேயே கிடையாது. விசிலை வாயில் வைத்துக்கொண்டே பிறந்தவன் என்று டிப்போவில் பேச்சு. வண்டி நிற்கும் அந்த இடத்தை நோட்டம் பார்த்துத்தான் அப்பு தகரக் கூரை போட்டுக் கடை வைத்தார்.

"உள்ள ஒக்காந்தா பத்துச் சதம். ரோட்டப் பாத்து ஒக்காந்தா பதினஞ்சு. தண்ணியப் பாத்து ஒக்காந்தா இருபத்தஞ்சு" என்பார், குரல் உயராமல், கும்பிட்ட கையோடு.

"ஏன் அப்பு, தண்ணிப் பக்கம் சீனி கூடப் போடுவீங்களா?" என்று யாராவது பயணி கேட்பார்.

"சீனி எல்லாருக்கும் ஒண்ணுதாங்க. அது தேத்தண்ணிக்கு வெல இல்ல, தண்ணிக்கு வெல."

இந்தப் புத்தி அவருக்கு எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும். துரை பங்களாவில் சமையல் பார்ப்பவரை எங்கள் பக்கம் அப்பு என்றுதான் சொல்வார்கள். இவருடைய துரை ஒருமுறை லீவில் சீமைக்குப் போனபோது, துரைசாணிக்கு இவர் கைச் சமையல் இல்லாமல் தொண்டையில் இறங்காது என்று இவரையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனார். திரும்பும் வழியில் கிரேக்க நாட்டுத் தீவு ஒன்றில், துரையின் சிநேகிதர் வீட்டில் சில நாள் தங்கல். தீவின் பெயர் என்ன என்று கேட்டால், "அது வாயில நொழையாதுங்க" என்று கையை விரித்துவிடுவார். ஆனால் மற்றதெல்லாம் நுழையும்.

"வீடெல்லாம் கடலுக்குள்ள கால விட்டுக்கிட்டு நிக்கும் தம்பி. சுண்ணாம்பு அடிச்ச சுவரு. மேட்டுல காத்துல சுத்துற ஆலை. அலை அடிச்சா குடிக்கிற கோப்பையிலயே உப்புத் தண்ணி தெறிக்கும். ஒரு கோப்பை காப்பிக்கு நம்மாளு நாலு நாள் மலையில பேரு போட்டு வேல செய்யணும். அதையும் குடுத்துட்டு எடத்துக்கு அடிச்சுக்கிறாங்க. இது என்னடா கொள்ளையா இருக்கேன்னு அங்க காப்பி கொண்டாந்தவங்கிட்ட கைஜாடையில கேட்டேன். அவன் கோப்பையக் காட்டல. கடலக் காட்டினான்."

அங்கே அப்பு உட்காரவில்லை. துரைசாணியின் தொப்பியையும் குடையையும் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றார். பக்கத்து மேசையில் வயசான ஒரு புருஷனும் பெண்சாதியும் இருந்தார்களாம். உடுப்பைப் பார்த்தால் பணக்காரர்கள் இல்லை. ஒரே ஒரு காப்பியை வாங்கி, மாற்றி மாற்றிக் குடித்துக்கொண்டு, சூரியன் கடலுக்குள் போகும்வரை ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் அவர்களை எழுப்பவில்லை. நின்ற இடத்திலேயே அப்பு ஒரு முடிவு எடுத்தார். சாவதற்குள் மீனாச்சியை இப்படி ஒரு நாள் தண்ணீர் ஓரமாக உட்கார வைக்க வேண்டும். மீனாச்சி அவர் மனைவி, அதே தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவர்.

ஆக, கடைக்கு இதுதான் காரணம். ஆனால் இருபத்தைந்து சதம் கொடுக்க நம் சனம் என்ன துரைமார்களா? கினிகத்தேனைக் கடை முதலாளி ஒருவர் ரோட்டுப் பக்கம் பதினைந்துக்கு உட்கார்ந்தார். இரண்டு மிடறு குடித்ததும் கழுத்து மெல்ல மெல்லத் தண்ணீர்ப் பக்கம் திரும்பியது. அப்பு ஓடிவந்துவிட்டார்.

"இன்னும் பத்துச் சதம் ஆகுதுங்க."

"நான் அந்தப் பக்கத்து மலையத்தான் பாத்தேன்."

"மலையப் பாக்கப் போற கண்ணு, நடுவுல தண்ணியத் தாண்டித்தானுங்களே போகணும்?"

முதலாளி மிச்சத் தேத்தண்ணியைக் கண்ணை மூடிக்கொண்டு குடித்துவிட்டு வண்டியில் ஏறினார். அட்டன் வரைக்கும் டிக்கெட் எடுத்தவர், பாதி வழியிலேயே இறங்கிப் போய்விட்டார்.

இன்னொரு நாள் பனிமூட்டம். நீட்டிய கையே தெரியவில்லை. தண்ணீர்ப் பக்கம் உட்கார்ந்த ஒரு வாத்தியார், கண்ணுக்குத் தெரியாத தண்ணீருக்கு இருபத்தைந்து சதம் தரமுடியாது என்று சட்டம் பேசினார். அப்பு குனிந்து ஒரு கல்லை எடுத்துப் பனிக்குள் வீசினார். 'பொளக்' என்று சத்தம் கேட்டது.

"தண்ணி இருக்குங்களா?"

வாத்தியார் காசைக் கொடுத்தார். கொடுக்கும்வரை நான் விசில் ஊதிக்கொண்டே இருந்தேன். இந்த மனிதரால் என் வண்டி ஒருநாளாவது நேரத்துக்கு நோர்வூட் போனதில்லை.

தண்ணீருக்கு மிக அருகில் ஒரு பிரம்பு நாற்காலி கிடக்கும். துரை வேலையை விட்டுச் சீமைக்கே திரும்பியபோது கொடுத்துவிட்டுப் போனது. அதற்கு விலையே கிடையாது, யாரும் உட்காரவும் கூடாது. தோட்டத்துப் பெரிய கிளாக்கர் ஒரு நாள் அதில் சாயப் போனார். அப்பு நாற்காலியைக் கையால் பிடித்துக்கொண்டார்.

"மன்னிச்சுக்கங்க ஐயா. இது எங்க வீட்டுல உள்ளவங்களுக்கு."

"கொழுந்து எடுக்கிறவளுக்கு எதுக்குய்யா சாய்வு நாற்காலி?"

"நாள் முழுக்க நிக்கிறாங்கள்ல, கால் வலிக்குமுங்க."

கிளாக்கர் அதற்குப் பிறகு அந்தப் பக்கம் வரவில்லை. வரவேண்டியவரும் வரவில்லை. சாயந்தரம் கொழுந்தைத் தராசில் நிறுத்துவிட்டு மீனாச்சியக்கா அந்த ரோட்டில்தான் போவார். அப்பு கோப்பையும் கையுமாக நடு ரோட்டுக்கு வந்துவிடுவார்.

"மீனாச்சி, ஒரு வாய் காப்பி குடிச்சுட்டுப் போ. அஞ்சே நிமிசம்."

"ஒங்களுக்கு வேற வேல இல்ல" என்பார் அக்கா. முகத்தைத் தண்ணீர்ப் பக்கம் திருப்பவே மாட்டார். பியதாசவே தாங்காமல், "பாவம், நம்ம கப்பல் மாத்தயா" என்று தன் சிங்கள மரியாதையோடு சொல்லி ஸ்டியரிங்கில் தலையைச் சாய்ப்பார்.

ஒரு நாள் அக்கா நம் பஸ்ஸில் ஏறினார். நான் சும்மா இருக்கிற ஆளா? "ஏக்கா, அந்த மனுசன் ஒங்களுக்காக உசிர விடுறாரே, ஒரு நாள் ஒக்காந்தா என்ன கொறஞ்சா போயிருவீங்க?" என்று கேட்டுவிட்டேன்.

அக்கா சில்லறையை எண்ணாமல் என் கையில் வைத்தார்.

"அது தண்ணி இல்ல தம்பி. அது என் மலை. எங்க ஆத்தா ஊண்டின செடி. நான் கூடை தூக்கின நாள்ல இருந்து அதுலதான் நின்னேன். நாங்க குடியிருந்த லயமும் அங்கதான் இருந்துச்சு. எல்லாத்தையும் முக்கிட்டு, அது மேல ஒக்காந்து காப்பி குடின்னா எப்படிக் குடிக்கிறது?"

டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு முன் பக்கம் போய்விட்டேன். இதை அப்புவிடம் சொல்லவும் எனக்குத் தைரியம் வரவில்லை.

அடுத்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. தண்ணீர் இறங்க ஆரம்பித்தது. அப்பு சளைக்கவில்லை. தண்ணீர் எவ்வளவு தூரம் இறங்குகிறதோ அவ்வளவு தூரம் வாங்குப் பலகைகளைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனார். இருபத்தைந்து சதம் கொடுத்தவர்கள் கணுக்கால் சேற்றில் நின்று குடித்தார்கள். ஒரு அம்மாவின் செருப்பு சேற்றோடு போய்விட்டது. அதற்கும் நான்தான் ஏச்சு வாங்கினேன்.

கடைசியில் தண்ணீர் பள்ளத்தின் அடியில் பாய் அகலத்துக்குச் சுருங்கியது. அப்பு எல்லாவற்றையும் பழைய இடத்துக்கே தூக்கிவந்து, எங்கே உட்கார்ந்தாலும் பத்துச் சதம் என்று சொல்லிவிட்டார். தண்ணீர் இல்லாமல் தண்ணீருக்குக் காசு வாங்கினால் அது திருட்டாம்.

"கடல் வத்தாது தம்பி. இது வத்திருச்சு" என்றார் என்னிடம். "இனி எதக் காட்டி மீனாச்சிய ஒக்காரச் சொல்லுவேன்?" அவர் முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது.

அன்றைக்குச் சாயந்தரம் வண்டி வழக்கம்போல் நின்றது. கொழுந்து நிறுத்துவிட்டுப் பெண்கள் வந்தார்கள். அப்பு காப்பியோடு ரோட்டுக்கு வரவில்லை, அடுப்படியிலேயே நின்றார். மீனாச்சியக்கா நடந்துவந்தவர் சட்டென்று நின்றார். முதல் தடவையாகப் பள்ளத்தைப் பார்த்தார். சேற்றுக்குள்ளிருந்து தேயிலைக் கட்டைகள் வரிசை வரிசையாகத் தலை தூக்கியிருந்தன. இலை இல்லை, உயிர் இல்லை. ஆனால் நிரை மாறவில்லை.

அக்கா கூடையை இறக்கி வைத்தார். யாரையும் பார்க்காமல் இறங்கிப் போய் நேராக அந்தப் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தார்.

அப்பு அடுப்பிலிருந்து காப்பியை இறக்கினார். ஒரு கோப்பையில் காப்பி ஊற்றி, சிந்தாமல் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, தீவில் நின்றாரே, அதேபோல் நாற்காலிக்குப் பின்னால் நின்றார்.

"அந்தா, அந்தக் கல்லுப் படி தெரியுதுல்ல? அதுதான் எங்க லயத்து வாசப்படி" என்று கை நீட்டினார் அக்கா. "அதுக்கு மேல ரெண்டாவது நிரை, ஆத்தாவோடது. பக்கத்துல என்னோடது." பிறகு திரும்பிப் பார்த்தார். "என்னத்துக்கு நிக்கிறீங்க? நீங்களும் ஒக்காருங்க."

அப்பு ஒரு தேயிலைப் பெட்டியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் சொந்தக் கடையில் அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான். அக்கா பாதி குடித்துவிட்டுக் கோப்பையை நீட்டினார். அவர் வாங்கிக்கொண்டார். சூரியன் எதிர் மலையில் இறங்கிக்கொண்டிருந்தது.

ரேடியேட்டர் எப்போதோ ஆறிவிட்டது. பியதாச என்னைப் பார்த்தார். வண்டி நிறையச் சனம் ஜன்னலோரமாகச் சாய்ந்து அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தது, ஒருவரும் என்னைத் திட்டவில்லை. நான் விசிலை வாயிலிருந்து எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.