கார்பன் சாரின் வெள்ளைத் தாள்கள்

கும்மிடிப்பூண்டி முதல் திருவள்ளூர் வரை, எந்தப் பொருளையும் ஒற்றையாக வைத்துக்கொள்ள மனம் வராத ஒரே மனிதர் எங்கள் கார்பன் சார்தான். இதை எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சூடம் அணைத்துச் சொல்வேன். எழுபதுகளின் தொடக்கத்தில், கவரைப்பேட்டை ரயில் பாதையை ஒட்டியிருந்த ஒரு போல்ட்-நட்டு கம்பெனியில், ஆட்களின் வருகையைக் குறிக்கும் டைம் ஆபீசில் நான் அவருக்குக் கீழே குமாஸ்தா. அவருடைய சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

அவரிடம் இரண்டு குடை உண்டு. ஒன்று மழைக்கு, இன்னொன்று அந்தக் குடை தொலைந்துபோனால். இரண்டு மூக்குக்கண்ணாடி, இரண்டு டிபன் பாக்ஸ். முதல் பாக்ஸில் இருப்பது ஊசிப்போகாத நாளில் இரண்டாவது பாக்ஸ்தான் எனக்கு நாஷ்டா. அதனால் அந்த வழக்கத்தை நான் ஒருநாளும் குறை சொன்னதில்லை. மனிதர் தும்மினால்கூட இரண்டாகத்தான் தும்முவார். மூன்றாவது வந்தால் முகம் சுளிப்பார்.

தினமும் காலையில் வருகைப் பதிவேட்டில் ஒவ்வொரு ஆளின் பெயருக்கு நேரே, வந்திருந்தால் P, வராவிட்டால் A என்று காப்பிங் பென்சிலால் குறிப்பார். அந்தத் தாளுக்குக் கீழே ஒரு கார்பன், அதற்கும் கீழே ஒரு வெள்ளைத் தாள். மாதக் கடைசியில் அடித் தாளை உருவி, கவிழ்த்தபடியே மடித்து, கவரில் போட்டு அரக்கு முத்திரை குத்தி, டிரங்குப் பெட்டியில் வைத்துத் திருவள்ளூரில் இருக்கும் தன் வீட்டுக்கே கொண்டுபோய்விடுவார். கம்பெனியே எரிந்து சாம்பலானாலும் நகல் பிழைக்க வேண்டுமாம். பஸ்ஸில் சுலபமாகப் போயிருக்கலாம். பஸ் கவிழ்ந்தால் என்ன கதி என்று, ரயிலில் பட்டணம் வரை போய், பேசின் பிரிட்ஜில் வண்டி மாறி, ஊரைச் சுற்றிக்கொண்டு வீடு சேருவார்.

"ஒரு தபா கவரைப் பிரிச்சிப் பாக்கக் கூடாதா சார்?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"பிரிச்சா அது அசலாயிடும்பா. அப்பால அதுக்கு நகல் எங்க கீது? உங்க ஊட்லேருந்து கொண்ணாருவியா?"

அவரிடம் வாதாடி ஜெயித்தவன் அந்த வட்டாரத்தில் எவனும் இல்லை.

அந்த வருஷம் ஒரு சந்தோஷ சமாச்சாரம் வந்தது. தற்காலிக ஆட்கள் பதினாலு பேரை நிரந்தரமாக்கத் தலைமை ஆபீஸ் சம்மதித்துவிட்டது. போன பன்னிரண்டு மாத வருகைப் பதிவை ஒரு மாதம் விடாமல் டிசம்பர் நடுவுக்குள் காட்ட வேண்டும், அவ்வளவுதான். பதினாலு பேரில் அதிகமாகக் குதித்தவன் ஏழுமலை. பழவேற்காடு ஏரியில் மீன் பிடிக்கிற குடும்பம். படகு உளுத்துப்போய் எங்களிடம் கூலிக்கு வந்தவன். கவரைப்பேட்டையில் அவனுக்கு ஒரு பெண் பேசி முடித்திருந்தார்கள். "வேலை பர்மனெண்டு ஆகட்டும், அப்பால தாலி" என்று பெண்ணின் அப்பா கறாராகச் சொல்லியிருந்தார்.

இந்த நேரம் பார்த்துப் புயல் வந்து டைம் ஆபீஸ் கூரைத் தகட்டைத் தூக்கிக்கொண்டு போனது. மூன்று நாள் மழையும் பதிவேட்டு அலமாரிக்குள்தான். காப்பிங் பென்சில் எழுத்து ஈரம் பட்டால் ஊதாவாக ஊறிப் பரவும். பன்னிரண்டு மாதமும் ஒரே கத்தரிப்பூ நிறம். எவன் வந்தான், எவன் வரவில்லை என்று பிரம்மாவே வந்தாலும் சொல்ல முடியாது.

எல்லாரும் தலையில் கை வைத்தோம். கார்பன் சார் மட்டும் சிரித்தார். ஆயுள் முழுக்க அவர் காத்திருந்த விபத்து அல்லவா! மறுநாள் திருவள்ளூரிலிருந்து டிரங்குப் பெட்டி வந்தது, அதே பேசின் பிரிட்ஜ் வழியாக. பதினாலு பேரும் சுற்றி நிற்க, முதல் கவரின் அரக்கை உடைத்தார். வெள்ளைத் தாள். இரண்டாவது, வெள்ளைத் தாள். பன்னிரண்டும், புதிதாகத் துவைத்த வேட்டி மாதிரி.

அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. ஆனால் அவர் உட்கார்ந்து அழவில்லை, விசாரணையைத் தொடங்கினார். பென்சிலை எடுத்துக் கீறிப் பார்த்தார், எழுதியது. தாளைத் தடவிப் பார்த்தார், நல்ல தாள். கடைசியாகக் கார்பனை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

எட்டிப் பார்த்த ஏழுமலை, "நைனா, இதுல கூட்ஸ் வண்டி போறது தெரியுது" என்றான்.

பன்னிரண்டு மாதமும் அதே கார்பன். அதற்கு முந்தின வருஷமும் அதுதான்.

"புதுக் கார்பனே இல்லையா சார்?" என்றேன்.

அவர் மேஜை இழுப்பறையைத் திறந்தார். பிரிக்காத கார்பன் பெட்டி, நூறு தாள், பளபளவென்று உட்கார்ந்திருந்தது. "அவசரத்துக்குன்னு எடுத்து வச்சிருந்தேன்பா" என்றார்.

அப்படியே எழுந்து மேனேஜர் அறைக்குப் போய், "தப்பு என்னோட்து சார். பசங்க மேல ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டார். மேனேஜர் நல்லவர்தான், ஆனால் காகித மனிதர். "ரெக்கார்டு இல்லாம நான் எப்படிக் கையெழுத்துப் போடறது? எல்லாரையும் இன்னையிலேருந்து புது ஆளா எழுதிக்குங்க" என்றார்.

ஏழுமலை ஒரு வெள்ளைத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, கல்யாணப் பத்திரிகை கிழிந்த மாதிரி முற்றத்தில் நின்றான். சாயங்கால வெயில் சாய்வாக விழுந்துகொண்டிருந்தது. தாளை இப்படியும் அப்படியும் சரித்தவன் சட்டென்று கத்தினான்.

"நைனா! இதுல இன்னாமோ ஓடுது!"

ஏரித் தண்ணீரின் பளபளப்புக்கு அடியில் மடவை மீன் போவதைக் கண்டுபிடிக்கிற கண் அது. கார்பன் சார் எழுதினால் எழுதமாட்டார், குத்துவார். மை பதியாவிட்டாலும் பள்ளம் பதிந்திருந்தது! பென்சில் தூளைத் தேய்த்தால் பளிச்சென்று தெரியும் என்று நான் தூளோடு ஓடினேன்.

"தொட்டே, கைய ஒடிச்சிடுவேன். நீ கிறுக்கிட்டா அப்பால அது என் எழுத்தா, உன் எழுத்தா?"

ஆகவே வெயில்தான் கதி. காலையில் சூரியன் கிளம்பும்போது கொஞ்ச நேரம், மாலையில் இறங்கும்போது கொஞ்ச நேரம். ஏழுமலைக்கு எழுத்துத் தெரியாது. P என்பது வயிறு, A என்பது கூடாரம் என்று அவனாகவே பேர் வைத்துக்கொண்டான். முற்றத்தில் நின்று தாளைச் சரித்துப் பிடித்து, "வயிறு, வயிறு, வயிறு, கூடாரம், வயிறு" என்று பாடுவான்; நான் எழுதுவேன்; கார்பன் சார் சரிபார்ப்பார். வழியில் போகிறவர்கள் நாங்கள் ஏதோ மாந்திரீகம் செய்வதாக நினைத்து ஒதுங்கிப் போனார்கள்.

பதினோரு மாதம் தேறியது. அக்டோபர் தாளைச் சரித்தான் ஏழுமலை. மறுபடி சரித்தான். "தண்ணி காலி நைனா, ஒரு மீனும் இல்ல" என்றான்.

அக்டோபரில் சாருக்கு வலது மணிக்கட்டு சுளுக்கி, மாதம் பூராவும் நான்தான் எழுதினேன். என் கை பூப்போன்ற கை. அவர் கட்டுப்போட்ட கையோடு கேட்டருகே ஸ்டூல் போட்டு, வருகிற ஆட்களை வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், இது நான் எழுதினது" என்றேன். அவர் திட்டவே இல்லை. அதுதான் என்னைக் கொன்றது. "போயி டீ குடிச்சிட்டு வா" என்று தாளை வாங்கிக்கொண்டார்.

மறுநாள் காலை அதே தாளை ஏழுமலை கையில் கொடுத்து, "நேத்து சரியா பாக்கல போல. இன்னொரு தபா பாரு" என்றார். அவன் சரித்தான். வயிறுகள் குழி குழியாக வரிசை கட்டி நின்றன.

"வயிறு, வயிறு, கூடாரம்… ஆமா நைனா, ஆயுத பூஜைக்கு மறுநாள் நான் வர்ல."

பதினாலு பேருக்கும் வந்த நாளில் வயிறு, வராத நாளில் கூடாரம். ஒருவனுக்கும் ஒரு நாள் கூடுதலாகப் போட்டுக் கொடுக்கவில்லை. நான் அவரைப் பார்த்தேன். அசல் இல்லாமல் ஆயுளில் ஓர் எழுத்து எழுதாத மனிதர்!

"இன்னா மொறச்சிக்கினு கீறே?" என்றார் மெதுவாக. "கேட்டாண்டதான குந்திக்கினு இருந்தேன். அத்தினி பேரையும் என் கண்ணால பாத்தேன்."

மேனேஜர் பூதக்கண்ணாடியோடு வந்தார். பதினோரு தாளைத் தள்ளிவிட்டு நேராக அக்டோபரைத்தான் எடுத்தார்.

"இந்த மாசம் நீங்கதானே எழுதினீங்க?" என்றார் என்னிடம்.

"ஆமாம் சார்."

"இவ்வளவு அழுத்தியா எழுதுவீங்க?"

கார்பன் சார் கூரையைப் பார்த்தார். ஏழுமலை என்னையே பார்த்தான். "பென்சில் மொட்டை சார்" என்றேன். மேனேஜர் பூதக்கண்ணாடியை ஓரமாக வைத்துவிட்டு, பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார்.

தை மாதம் கவரைப்பேட்டையில் ஏழுமலைக்குக் கல்யாணம். பந்தியில் கார்பன் சார் பக்கத்தில்தான் உட்கார்ந்தேன். ஒரே ராத்திரியில் ஒரு மாதத்தைக் குத்தித் தீர்த்த அவர் வலது மணிக்கட்டு இன்னும் வீங்கியே இருந்தது. ரயிலில் கதவு இடித்துவிட்டதாக ஊருக்கெல்லாம் சொல்லிவைத்திருந்தார். சோற்றைப் பிசைய விரல் மடங்கவில்லை. நான் அவர் இலைச் சோற்றில் குழம்பை ஊற்றிப் பிசைந்து, உருட்டி உருட்டி வைத்தேன். அவர் ஒவ்வொன்றாக எடுத்துச் சாப்பிட்டார்.

அதற்குப் பிறகு எத்தனையோ பெரிய அதிகாரிகளுக்குக் கீழே வேலை பார்த்துவிட்டேன். ஒருவர் இலையிலும் நான் சோறு பிசைந்து வைத்ததில்லை.