ஆட்டுக் கொட்டகையில் நடந்த ஷூட்டிங்

நான் ஒரு பொய்க்காரி. என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்தபோதே இதைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமலே எட்டு வருஷத்தை ஓட்டிவிட்டேன். போன வருஷம் அவர் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். பொய் மட்டும் ஒரு தும்மல்கூட இல்லாமல் நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கிறது.

அவர் கோலாலம்பூரில் டிவி நிலையத்தில் லைட்டுக்காரர். நடிக்கிறவர்கள் முகத்தில் வெளிச்சம் விழும்படி விளக்கைப் பிடிப்பது வேலை. (நான் ஊரில் சொல்லிக்கொண்டது: "அவரு இல்லாட்டி டிவியே இருட்டாப் போயிரும்லா.") தீபாவளி நிகழ்ச்சி முடியும்போது பெயர்கள் கீழிருந்து மேலே ஓடும். ஈப்போவில் என் அண்ணன் வீட்டில் தெருவே கூடி, அவர் பெயருக்காகக் காத்திருக்கும். நான் ரப்பர் தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் பெயர் மேலே போய் மறைந்துவிடும். இருந்தாலும் "அதோ, அதோ!" என்று முதலில் கத்துகிறவள் நான்தான்.

அப்படிப்பட்ட மனுஷர் எழுபத்தெட்டாம் வருஷம் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார்.

"லெச்சுமி, அந்த ஸ்டூடியோ ரூமுக்குள்ள காலையா சாயங்காலமான்னே தெரியல. போதும்லா. கோப்பெங் பக்கம் பழைய தோட்டத்துல இடம் கிடைக்குது. ஆடு வளப்போம்."

நான் ரப்பர் தோட்டத்துக் கூலிக்காரர் லயத்தில் பிறந்தவள். அங்கிருந்து வெளியே வரவேண்டும் என்பதற்காகவே டிவிக்காரரைக் கட்டிக்கொண்டவள். ஆட்டுப் புழுக்கை மணக்க மணக்கத் திரும்பவும் அங்கேயே போவதா? மூன்று நாள் அவரோடு பேசவில்லை. நாலாம் நாள் மூட்டை கட்டினேன்.

ஈப்போவுக்குப் போனபோது அண்ணி பிடித்துக்கொண்டார்.

"ஏன்டி, கோலாலம்பூர விட்டுட்டு கோப்பெங்ல என்ன வேல?"

"ஷூட்டிங் அண்ணி." வாய் தானாகச் சொன்னது. "தோட்டத்துக் கத."

"எத்தன நாளு?"

"எட்டு மாசம்."

"எட்டு மாசமா!"

"பெரிய கத அண்ணி."

அதோடு நிறுத்தியிருக்கலாம். "ஆளு பத்தலயாம். வேடிக்க பாக்க வர்றவங்களையும் நிக்க வெச்சுப் புடிக்கிறாங்க" என்றும் சேர்த்தேன். (எதற்கு என்று கேட்காதீர்கள். புளுகில் உப்பு குறைவது போல இருந்தது.)

நாலு மாசம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. அண்ணன், அண்ணி, அண்ணியின் இரண்டு தங்கைகள், பக்கத்து வீட்டார் என்று மொத்தம் பதினோரு பேர். பெண்கள் எல்லாரும் பட்டுப்புடவை. பவுடர் அப்பிய முகங்களில் வேர்வை கோடு கோடாக இறங்கிக்கொண்டிருந்தது. அண்ணன் அந்த வெயிலிலும் கோட்டு போட்டிருந்தார்.

"தோட்டத்துக் கதன்னா அதட்டி வேல வாங்க கிராணி ஒருத்தரு வேணும்லா" என்றார்.

அன்றைக்குப் பார்த்து எங்கள் வெள்ளாட்டுக்கு வலி எடுத்திருந்தது. எங்களிடம் இருந்ததே ஆறு ஆடு. சினையாக வாங்கி, அவர் பராமரிப்பில் முதன்முதலாகக் குட்டி போடப்போகிற ஆடு இதுதான். விடியற்காலையிலிருந்து அவர் கொட்டகையை விட்டு வரவில்லை. இந்த ஆடு செத்தால், டிவி வேலையை விட்டது தப்பு என்று சொன்ன எல்லார் வாயும் ஜெயித்துவிடும். என் வாயும் அதில் சேர்த்தி.

நான் ஓடிப்போய் வேனை மறித்தேன். "சத்தம் போடாதீங்க! ரிகர்சல் நடக்குது!"

"கேமரா எங்கடி?" என்றார் அண்ணி.

"மறைச்சு வெச்சிருக்கு."

அந்த இரண்டு வார்த்தைதான் என்னைக் கவிழ்த்தது. கேமரா எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம் என்றால், நிற்கிற இடமெல்லாம் மேடைதானே! பதினோரு பேரும் நேராகக் கொட்டகைக்குள் புகுந்தார்கள். உள்ளே என் வீட்டுக்காரர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, சேற்றில் முட்டி போட்டு, ஆட்டுக்குப் பின்னால் கையைவிட்டுத் துழாவிக்கொண்டிருந்தார். ஆடு முனகிக்கொண்டிருந்தது.

அண்ணி ஒரு நிமிஷம் பார்த்தார். இது சோகக் கட்டம் என்று முடிவு செய்துவிட்டார். கொண்டையை அவிழ்த்து விட்டார். மாரில் அடித்துக்கொண்டார்.

"ஐயோ! எங்கள விட்டுட்டுப் போறியே! இனி எங்களுக்கு யாரு இருக்கா!"

தங்கைகள் இருவரும் ஆளுக்கொரு பக்கம் ஒப்பாரியைப் பிடித்துக்கொண்டார்கள். அண்ணன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "யாருடா அது? இன்னிக்கு வேலைக்குப் போகல?" என்று தூணைப் பார்த்து அதட்டினார்.

என் வீட்டுக்காரர் திடுக்கிட்டுத் திரும்பினார். "யாரு செத்துட்டா?"

அதையும் வசனம் என்று நினைத்து அண்ணி இன்னும் உரக்க அழுதார். ஆடு மிரண்டு எழுந்து விட்டது ஓர் உதை. அவர் மல்லாக்க விழுந்தார். ஆடு பட்டுப்புடவைகளுக்கு நடுவே பாய்ந்தது. கூட்டம் சிதறி, அண்ணன் தீவனத் தொட்டிக்குள் உட்கார்ந்தார்.

"லெச்சுமி! ஆட்டப் புடி! குட்டிக்குக் கால் மடங்கியிருக்கு, ரெண்டும் செத்துரும்! இவங்கள்லாம் எதுக்கு வந்திருக்காங்க?"

அண்ணி அவர் பக்கம் குனிந்து மெதுவாகக் கேட்டார்: "தம்பி, இப்ப கேமரா ஓடுதா?"

அவர் அண்ணியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். எத்தனையோ முகங்களுக்கு விளக்குப் பிடித்தவர். என் முகத்தில் இருந்ததைப் படிக்க அவருக்கு வெளிச்சம் தேவைப்படவில்லை.

"கேமராவும் இல்ல, ஒண்ணும் இல்லக்கா" என்றார். "வேலைய விட்டு நாலு மாசம் ஆச்சு. வெக்கமா இருந்துச்சு. அதான் இப்படிச் சொல்லச் சொல்லி லெச்சுமிகிட்ட நான்தான் சொன்னேன். மச்சான், கோட்ட கழட்டிட்டு வந்து ஆட்டுத் தலையப் புடிங்க."

அண்ணன் கோட்டைக் கழற்றிவிட்டு ஆட்டை மடக்கித் தலையைப் பிடித்தார். அண்ணி விளக்கெண்ணெய் எடுத்து ஊற்றினார். என் வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டு மடங்கிய காலைத் தேடி நிமிர்த்தி இழுத்தார். குட்டி அசையாமல் வந்து விழுந்தது. அவர் அதன் மூக்கில் வாய் வைத்து ஊதினார், ஊதினார், ஊதிக்கொண்டே இருந்தார். பிறகு அது கத்தியது. அண்ணி தன் பட்டு முந்தானையாலேயே அதைத் துடைத்தார்.

அண்ணன் அவர் முதுகில் ஓங்கித் தட்டினார். "அடேயப்பா மாப்ளே! இப்படியா புருடா விடுறது!"

எல்லாரும் சிரித்தார்கள். அவரும் பல்லில் சேற்றோடு சிரித்தார். தப்பித்தோம் என்று நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது.

வேன் போன பிறகு திட்டுவார் என்று காத்திருந்தேன். கிணற்றடியில் கையைக் கழுவிக்கொண்டே ஒன்றே ஒன்று கேட்டார்.

"என்கூட இங்க இருக்கிறது அவ்வளவு வெக்கமா இருக்கா லெச்சுமி?"

"அப்படியெல்லாம் இல்லங்க" என்றேன்.

சரி என்று தலையாட்டினார். நம்பவில்லை என்பது எனக்குத் தெரியும்.

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் அவருக்குப் பெயர் 'புருடா மாப்ளே'. தீபாவளிக்குத் தீபாவளி அண்ணன் இந்தக் கதையைச் சொல்வார், அவர் மண்டையைச் சொறிந்துகொண்டு சிரிப்பார், நான் முறுக்குத் தட்டை நீட்டுவேன். அவரைத் தூக்கிய அன்றுகூட அண்ணன், "புருடா மாப்ளே, என்னை விட்டுட்டுப் போயிட்டீங்களே" என்றுதான் அழுதார். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

இந்தத் தீபாவளிக்கும் கதையைத் தொடங்கினார். என்னால் தாங்க முடியவில்லை.

"அண்ணே, நிறுத்துங்க. அந்தப் புருடா அவரு விட்டது இல்ல. நான் விட்டது. அவருக்கு ஒண்ணுமே தெரியாது."

அண்ணி எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது.

"செத்தவரு பேரக் காப்பாத்த இப்படியெல்லாம் சொல்லாதடி. உனக்குப் பொய் சொல்ல வருமா? மொகத்துலயே தெரியுதே."

எல்லாரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். அண்ணன் மூக்கைச் சிந்திவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

"அப்ப நம்ம புருடா மாப்ளே கொஞ்சமாச்சும் அசந்தாருங்கிற?"