கொலுவில் கவிழ்ந்த சுண்டல் ரயில்

தண்டவாளத்தின் குறுக்குவெட்டைப் பார்த்து மயங்கியவர்கள் உலகத்தில் அதிகம் இருக்க மாட்டார்கள். நான் மயங்கினேன். சைகோனில் நான் புதிதாகச் சேர்ந்த வடிவமைப்பு அலுவலகத்தில், ஒரு நாள் திரையில் பாயின்ட்டின் (ரயில் தடம் மாறும் இடம்தான்) படம் விரிந்தது. அதில் இப்படியும் அப்படியும் நகர்ந்து ரயிலைத் திருப்புகிற தண்டவாளத்துக்கு நாக்கு என்று பெயர். முன்பெல்லாம் சாதாரணத் தண்டவாளத்தையே சீவி நாக்காக்கினார்களாம். இப்போது அதற்கென்றே தனி உருவம்: பக்கத்துத் தண்டவாளத்தைவிடக் குள்ளம், தடித்த இடுப்பு, பாதம் ஒரு பக்கம் நீளம், மறுபக்கம் குட்டை. அந்தக் குட்டைப் பக்கம் பக்கத்துத் தண்டவாளத்தின் பாதத்துக்கு மேலே வந்து ஒட்டி நிற்கும். என்ன மூளை! இதை நானே செய்து ஓட்டிப் பார்த்தால் என்ன என்று அந்த நிமிடம் தோன்றியது.

நான் தங்கியிருந்தது அண்ணன் வீட்டில். அண்ணிக்கு சைகோனில் அது முதல் கொலு. "ரயில் விடறேன் அண்ணி, சுண்டல் அதுலயே போகும்" என்றேன். த்ருவோங் டின் தெரு மாரியம்மன் கோயிலில் கண்ணில் பட்ட பெண்களிடமெல்லாம், "எங்க கொலுவுல ரயில்ல சுண்டல் வரும், அவசியம் வாங்க" என்று அண்ணி சொல்லிவிட்டார். அவர் மானம் மொத்தமும் என் கையில்.

கணினியில் ஒரு நாக்கை வரைந்தேன். அச்சு அசலாக வந்தது. பாயின்ட்டுக்கு இரண்டு நாக்கு வேண்டும். அதையே நகலெடுத்து, இரண்டையும் முப்பரிமாண அச்சில் எடுத்தேன். நேர்த்தடத்தில் பொம்மை ரயில் வழுக்கிக்கொண்டு போனது. திரும்பும் தடத்தைச் சோதிக்கவில்லை. (நேராகப் போகிற ரயிலுக்குத் திரும்பவா தெரியாது என்கிற திமிர்.)

கொலு அன்று கூடம் நிறைந்த கூட்டம். ரயில் முதல் கிண்ணத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்ததும் கைதட்டல். "வலது பக்கம் கோ ஹுவாவுக்கும் அனுப்பும்மா" என்றார் அண்ணி. கோ ஹுவா எதிர்வீட்டு வியட்நாமிய அம்மாள்.

தடம் மாற்றும் நெம்புகோலைத் தள்ளினேன். இரண்டாவது நாக்கு ஒட்டவே இல்லை. குட்டைப் பாதம் இருக்க வேண்டிய பக்கம் நீளப் பாதம் முட்டிக்கொண்டு நின்றது, இரண்டு காலுக்கும் வலது செருப்பே வாங்கியதுபோல. இடைவெளியில் சக்கரம் புகுந்தது. எஞ்சின் ஒரு தடத்தில், பெட்டி மறுதடத்தில், சுண்டல் ஆகாயத்தில். செட்டியார் பொம்மையின் கடைவாசலில் கொண்டைக்கடலை குவிந்தது. செட்டியாரம்மா குப்புற விழுந்தார்.

"ட்ரோய் ஓய்!" (ஐயோ கடவுளே!) என்று கோ ஹுவா அலறினார்.

"ரெண்டாவது நாக்கைக் கண்ணாடியில தெரியற மாதிரி திருப்பிப் போட்டிருக்கணும் அண்ணி, நான் அப்படியே..."

"முதல்ல செட்டியாரம்மாவைத் திருப்பிப் போடு."

அதற்குள் கோ ஹுவா கைபேசியைத் தூக்கிப் பிடித்து, "மறுபடி! மறுபடி!" என்று வியட்நாமியில் கேட்டார். கூடமே சிரித்தது. கடைசியாக அண்ணியும்.

நாக்கின்மேல் எனக்குக் கோபமே வரவில்லை. பக்கம் மாறினால் மயிரிழைகூட விட்டுக்கொடுக்காத அந்தப் பிடிவாதத்தை நினைத்து இன்னும் மயக்கம்தான்.

இப்போதும் வீட்டில் யார் எதைக் கவிழ்த்தாலும் "சுண்டல் வந்துடுச்சு" என்பான் அண்ணன். இந்த வருடம் நாக்குகள் இரண்டும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம். இரண்டு தடத்திலும் ஓட்டிப் பார்த்தாயிற்று. அண்ணிக்குத்தான் கவலை.

"கவுழாதா? அதைப் பார்க்கத்தானேம்மா எல்லாரும் வர்றாங்க!"

கவிழாத ரயிலையும் கூட்டம் வேடிக்கை பார்க்கும் என்று அவருக்கு நிரூபிக்க ஒரே வழிதான் இருக்கிறது. இம்முறை ஏற்றப்போவது பாயசம்.