டப்பாவைக் காப்பாற்ற ஒரு டப்பா

ஹோஹோவே,
வியாழன் மாலை

அன்புத் தம்பி மாவுலிக்கு,

அண்ணன் செலாசி எழுதுவது. டொரண்டோவில் நீயும் உன் வீட்டாரும் கடவுள் அருளால் சௌக்கியமாக இருப்பீர்கள். இங்கே நாங்கள் சௌக்கியமா என்பதை நீதான் சொல்ல வேண்டும், எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

நீ அனுப்பிய சர்ஜ் புரொடெக்டரை எலெக்ட்ரீஷியன் சென்யோ மெயின் போர்டில் மாட்டிவிட்டான். போன கரண்ட் திரும்பி வந்தால் இங்கே நடக்கும் கூத்து உனக்குத் தெரியுமே, தெருவே "வந்துடுச்சு!" என்று கத்தும், எல்லோரும் ஓடிப்போய் ப்ளக்கைப் பிடுங்குவார்கள். இனி ஓட வேண்டாம், மின்னல் வெட்டினாலும் கரண்ட் எகிறினாலும் இந்த டப்பாவே தாங்கிக்கொள்ளும், பச்சை விளக்கு எரிகிறவரை கவலையில்லை என்றான். "பெரிய அடியா விழுந்தா?" என்று கேட்டேன். "அது செத்துரும் சார். ஆனா வீட்டைக் காப்பாத்திட்டுத்தான் சாகும்" என்று பல்லைக் காட்டுகிறான். சாவதற்காகவா அவ்வளவு தூரத்திலிருந்து கப்பலேறி வந்தது?

நல்ல பொருளை நாம் எப்படி வைத்துக்கொள்வோம் என்று உனக்குத் தெரியாததா? நம் வீட்டு சோபாவில் கடைக்காரன் போட்ட பிளாஸ்டிக் உறை இன்னும் அப்படியே இருக்கிறது. அதனால் வானம் கறுத்ததும் டப்பாவின் சுவிட்சை மட்டும் அணைத்துவிடுகிறேன், வீட்டுக்குக் கரண்ட் எப்போதும்போல வந்துகொண்டிருக்கும்; இடி ஓய்ந்ததும் போடுகிறேன். பச்சை விளக்கு புத்தம்புதிதாக எரிகிறது. இதற்குப் போய் உன் அண்ணி ஜிஃபா தாம்தூம் என்று குதிக்கிறாள்.

"ஏங்க, மழைக்கு வாங்கின குடையை மழை வந்தா மடக்கி வைப்பீங்களா?"

"நனைஞ்சா வீணாப் போயிடாதா?"

"போகட்டும்! ஃப்ரீசர் கருகினா என்ன பண்ணுவீங்க? சனிக்கிழமை நம்ம எலிகேமைப் பொண்ணு கேட்டு மாப்பிள்ளை வீட்டுக்காரங்க கதவு தட்டுற சடங்குக்கு வர்றாங்க. ஆட்டுக்கறி, மீனு எல்லாம் அதுலதான் கிடக்கு. நாறின கறியைப் போட்டா தட்டின கையோட திரும்பிப் போயிடுவாங்க!"

அவள் சொல்வதும் சரியாகப் படுகிறது, நான் செய்வதும் சரியாகப் படுகிறது. நேற்று கரண்ட் வந்தபோது இடியும் இடித்தது. ஃப்ரீசர் ப்ளக்கைப் பிடுங்க அவள் ஓட, டப்பாவை அணைக்க நான் ஓட, கதவருகே மோதிக்கொண்டு இருவரும் தரையில் உட்கார்ந்துவிட்டோம். என் முழங்கால் வீங்கியிருக்கிறது. எலிகேமோ, "அப்பா, இந்த இடமும் கைவிட்டுப் போச்சுன்னா நான் உங்ககூடப் பேசவே மாட்டேன்" என்று அழுகிறாள். பெற்ற மனம் பதறுகிறதடா.

இப்போதுகூட மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வருகிறது, டப்பாவை அணைத்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். தயவுசெய்து இனி இந்த மாதிரி சாமான் எதையும் அனுப்பி என் நிம்மதியைக் கெடுக்காதே. வருகிற யாரிடமாவது கொடுத்தனுப்புகிறேன், நீயே திரும்ப வைத்துக்கொள்.

குழந்தைகளுக்கு என் ஆசிகள். உன் கூரைமேல் எந்த இடியும் விழாதிருக்கட்டும்.

தலை சுற்றிக் கிடக்கும் அண்ணன்,
செலாசி

பி.கு.: கையெழுத்துப் போட்டதும் வீடே அதிர ஒரு இடி. பக்கத்து வீட்டு டிவியில் புகை வருகிறது. நான் கடிதத்தில் மூழ்கியிருந்த நேரம் பார்த்து உன் அண்ணி போய் டப்பாவின் சுவிட்சைப் போட்டிருக்கிறாள்! பச்சை விளக்கு அணைந்தே போய்விட்டது. ஃப்ரீசர் ஓடுகிறது, எலிகேம் அதைக் கட்டிக்கொண்டு சிரிக்கிறாள். மேலே எழுதியதை எல்லாம் கிழித்துப் போடு. உடனே இரண்டு டப்பா அனுப்பு. ஒன்று வீட்டைக் காப்பாற்ற, இன்னொன்று அந்த ஒன்றைக் காப்பாற்ற.