சத்தியநாதன் கலக்கிய பஞ்ச்

இந்த வருஷத்தோடு இந்தக் கூத்துக்கு ஒரு முடிவு கட்டிவிட வேண்டும் என்று செம்பாக்கம் சத்தியநாதன் தீர்மானித்தபோது அவர் பல் துலக்கிக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் அவர் குறுக்கீடு இல்லாமல் யோசிக்க முடிந்த நேரம் அது ஒன்றுதான். வாயில் நுரை இருக்கும்போது யாரும் அவரைக் கேள்வி கேட்பதில்லை.

கூத்து என்று அவர் சொன்னது மறுநாள் நடக்க இருந்ததை. ஐப்பசியில் சர்ச்சில் அறுப்பின் பண்டிகை முடிந்த கையோடு, அவருடைய மனைவி அமலராணியின் பிறந்த வீட்டார் அத்தனை பேரும் குரோம்பேட்டையிலிருந்து கிளம்பி நேரே இங்கே வந்துவிடுவார்கள். வருவது சத்தியநாதனைப் பார்க்க அல்ல. அமலராணி போடும் பஞ்சைக் குடிக்க.

அது சாதாரண பஞ்ச் இல்லை என்பதை அவரே ஒப்புக்கொள்வார். ஆடியிலேயே பன்னீர் திராட்சை வாங்கிக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, சர்க்கரை சேர்த்துப் பீங்கான் ஜாடியில் வேடு கட்டி வைத்துவிடுவாள் அமலராணி. அது புளித்துத் தெளிந்து வைன் ஆவதற்கும் ஆப்பிள், பேரிக்காய், மாதுளை, கமலா ஆரஞ்சு எல்லாம் கடைகளில் குவிவதற்கும் சரியாக இருக்கும். பழங்களைப் பொடியாக நறுக்கி வைனில் போட்டு, பட்டையும் கிராம்பும் இஞ்சியும் தட்டிப் போட்ட சர்க்கரைப் பாகை ஆறவைத்து ஊற்றினால் வாசம் தெருமுனை வரை போகும். அவளுடைய வீட்டார் குடிப்பழக்கமே இல்லாதவர்கள். வைன் என்றால் முகம் சுளிப்பார்கள். திராட்சை ரசம் என்றால் வேதத்திலேயே இருக்கிறது என்று இன்னொரு டம்ளர் கேட்பார்கள்.

குடித்துவிட்டுப் போய்விட்டாலும் பரவாயில்லை. அமலராணியின் அண்ணன் ஜெபராஜ் கிட்டாரோடு வருவார். இரண்டாவது டம்ளரில் சுருதி சேர்ப்பார், மூன்றாவதில் பாடுவார், அதற்குப் பிறகு சுருதி தனியாகவும் பாட்டு தனியாகவும் போகும். சத்தியநாதனின் சாய்வு நாற்காலியில் யாரோ ஒரு பெரியப்பா தூங்குவார். கட்டிலில் குழந்தைகள் குதிக்கும். சொந்த வீட்டில் பாத்ரூமுக்கு வரிசையில் நின்ற அவமானத்தை அவர் எந்த ஜெபத்திலும் மறக்கவில்லை.

"உங்க வீட்டுக்காரங்களுக்கு இது பஞ்ச். எனக்கு இது பஞ்சாயத்து" என்று போன வருஷம் சொல்லிப் பார்த்தார். அமலராணி சிரிக்கவில்லை. அவருடைய சிலேடைகளுக்கு வெளியில் இருந்த மதிப்பு வீட்டில் இருந்ததே இல்லை.

வராதே என்று சொல்ல முடியாது. ஆனால் வருவது பஞ்சுக்காக. பஞ்ச் கெட்டால் கூட்டம் கலையும். அவ்வளவுதான் திட்டம்.

இட்லி சாப்பிடும்போது, இந்தத் தடவை நீ ஓய்வெடு, பஞ்சை நான் போடுகிறேன் என்று ஆரம்பித்தார். அமலராணி சட்னிக் கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கல்யாணமானதிலிருந்து வெந்நீரைத் தவிர எதையும் அடுப்பில் வைத்தறியாத மனிதர். எதிர்ப்பு வரும், வாதாட வேண்டியிருக்கும் என்று காத்திருந்தார். அவள் எழுந்து போய் ஒரு ஜாடியைத் தூக்கி வந்து அவர் முன்னால் வைத்தாள்.

"போடுங்க. ஆனா யார் போட்டதுன்னு கேட்டா உங்க பேரைத்தான் சொல்லுவேன்" என்றாள்.

இவ்வளவு சுலபமாகக் கிடைத்த வெற்றியை அவரால் நம்ப முடியவில்லை.

எதைப் போட்டுக் கெடுப்பது என்பதில்தான் குழப்பம். அப்போது மதில் சுவருக்கு அந்தப் பக்கம் மோட்டாரைத் தட்டிக்கொண்டிருந்தார் பக்கத்து வீட்டு ஏகநாதன். ஏரிக்கரையில் ஒரு காலத்தில் நெல் விளைத்த குடும்பம்; இப்போது வாடகை விளைகிறது.

"இன்னா சார், மூஞ்சி டல்லா கீது?"

சத்தியநாதன் குரலைத் தாழ்த்தி எல்லாவற்றையும் சொன்னார். ஏகநாதன் ஸ்பேனரால் முதுகைச் சொறிந்துகொண்டு கேட்டார். உப்பைப் போட்டால் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள், மிளகாயைப் போட்டால் இருமி ஊரைக் கூட்டுவார்கள் என்று ஒவ்வொன்றாகத் தள்ளினார்.

"கசப்பு போடு சார். கசந்தா பழமே அப்டித்தான்னு நெனச்சிக்கினு கம்முனு பூடுவாங்க. டெங்குக்குக் குடுத்த நிலவேம்புப் பொடி நம்ம வூட்ல டப்பா நெறைய கீது. உடம்புக்கும் நல்லது."

யாரிடமும் சொல்லக்கூடாது என்று சத்தியநாதன் கேட்டுக்கொண்டார். நம்மகிட்ட சொன்னது கிணத்துல போட்ட கல்லு என்றார் ஏகநாதன்.

சாயங்காலம் அமலராணி கடைக்குப் போன நேரத்தில் சத்தியநாதன் பழம் நறுக்கினார். ஒரு விரலையும் லேசாக நறுக்கினார். பெரிய எவர்சில்வர் குண்டானில் எல்லாவற்றையும் கலந்து, நிலவேம்பைத் தாராளமாகக் கொதிக்கவைத்து வடிகட்டி ஊற்றினார். ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். காதுவரை கசந்தது. மூடிபோட்டுத் துணி கட்டி, சாப்பாட்டு மேஜை மேல் வைத்துவிட்டு, வாய் கோணினாலும் மனம் நிறைந்து படுத்தார்.

ஞாயிறு காலை, பண்டிகைக்குக் காணிக்கையாக வரும் பொருள்களின் ஏலத்துக்கு நாற்காலி போட அவர் முன்னதாகவே சர்ச்சுக்குப் போய்விட்டார். அமலராணி ஆராதனை தொடங்கும் சமயத்துக்கு வந்தாள். பூசணிக்காயும் வாழைத்தாரும் ஏலம் போய், மழை தூறத் தொடங்கியபோது இருவரும் காரில் ஏறினார்கள்.

கேம்ப் ரோடு நெரிசலில் நின்றபோதுதான் அவள் சொன்னாள். ஜெபராஜ் அண்ணன் வீட்டார் இன்றைக்குக் கட்டாயம் வருவார்கள் என்று சொல்ல முடியாதாம். மழை பயமாம். சத்தியநாதன் வருத்தப்படுவதுபோல உச்சுக்கொட்டினார்.

"ஆனா உங்க அக்கா வர்றாங்க" என்றாள் அமலராணி.

அவர் கால் பிரேக்கில் இருந்தது நல்லதாயிற்று.

அவருடைய அக்கா கிரேஸ்மணி, ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. அப்பா அம்மா போன பிறகு அவருக்கு இருந்த ஒரே சொந்தம். ஊரப்பாக்கத்தில் அவள் கட்டிய வீட்டின் பிரதிஷ்டையன்று பாயசத்தை ஒரு வாய் குடித்துவிட்டு, "அக்கா எதிலயும் அடிமட்டம் வரைக்கும் போயிடுவா, பாயசமும் அடி வரைக்கும் பிடிச்சிருக்கு" என்று சபை நடுவே சத்தியநாதன் சிலேடை பேசினார். பாதிரியார்கூடச் சிரித்துவிட்டார். அக்கா சிரிக்கவில்லை. அன்றிலிருந்து பேச்சும் இல்லை. அவர் எத்தனையோ முறை அவள் தெருமுனையில் வண்டியை மெதுவாக்கியிருக்கிறார். திரும்பியதில்லை.

"நான்தான் போன் பண்ணேன். முதல்ல மாட்டேன்னாங்க. உங்க தம்பி உங்களுக்காகத் தன் கையாலேயே பஞ்ச் போட்டிருக்காருன்னு சொன்னேன். அழுதுட்டாங்க" என்றாள் அமலராணி.

வைப்பர் ஓடிக்கொண்டிருந்தது. சத்தியநாதனுக்குக் கண்ணாடிக்கு உள்ளேதான் மழை பெய்வதுபோல இருந்தது. வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாகக் குண்டானைக் கொல்லையில் கவிழ்த்துவிட வேண்டும் என்று முடிவு செய்தார். கால் இடறியது என்று சொல்லிக்கொள்ளலாம்.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது மகள் ஜெனி கதவைத் திறந்தாள். உள்ளே அக்கா ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தாள். சாப்பாட்டு மேஜைக்கு முன்னால், குண்டானுக்குப் பக்கத்தில். அத்தான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"இளைச்சுட்டே" என்றாள் அக்கா.

பாயசத்துக்குப் பிறகு அவள் அவரிடம் பேசிய முதல் வார்த்தை அது. ஆனால் கண் அக்காவின் முகத்தில் நிற்காமல் குண்டானுக்கே போனது. காபி குடிக்கிறாயா என்று கேட்டார். வேண்டாம் என்றாள். மோர்? வேண்டாம். பஞ்ச் போதும் என்றாள். இன்னும் ஊறவில்லை, கொஞ்சம் பொறுக்க வேண்டும் என்றார். சரி, பொறுக்கிறேன் என்று அக்கா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

சில்லென்று ஆகட்டும் என்று சொல்லிக் குண்டானைத் தூக்கப் பார்த்தார். பாரம் முதுகைப் பிடித்தது. அமலராணி வந்து, ஃப்ரிட்ஜில் இவ்வளவு பெரிய குண்டானுக்கு எங்கே இடம் என்று மெதுவாகக் கேட்டுவிட்டுப் போனாள். நாற்காலியை இழுக்கிற சாக்கில் இடுப்பால் மேஜையை ஓர் இடி இடித்தார். "பார்த்துடா" என்று அக்கா இரண்டு கையாலும் மேஜையைப் பிடித்து நிறுத்தினாள்.

அக்கா முகம் கழுவப் போன நேரத்தில் சர்க்கரை டப்பாவைத் திறந்து, இருந்ததையெல்லாம் குண்டானில் கொட்டிக் கலக்கினார். ருசி பார்க்கக் கரண்டியை எடுப்பதற்குள் அக்கா திரும்பிவிட்டாள். கரண்டியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றார். நிலவேம்பின் கசப்பைக் கரும்புக் காட்டையே கொட்டினாலும் மறைக்க முடியாது என்று அவருக்குத் தெரியும்.

அக்கா அவரையே பார்த்தாள். பள்ளிக்கூடத்தையே அடக்கிய பார்வை.

"சத்யா, நான் வந்ததுலேர்ந்து பார்க்கறேன். அதை எனக்குக் குடுக்க உனக்கு மனசில்லை."

"அப்படியில்லக்கா."

"குடிச்சிட்டு நான் ஏதாவது குறை சொல்லிடுவேன்னு நினைக்கிறியா? அன்னிக்கு நீ சொன்ன மாதிரி?"

அக்கா எழுந்தாள். அத்தானைப் பார்த்துத் தலையசைத்தாள். அத்தான் பேப்பரை மடித்தார். வாசலில் மழை வலுத்திருந்தது. அக்கா குடையைக் கையில் எடுத்துவிட்டாள். இப்போது போனால் இனி வரமாட்டாள். குடித்தாலும் வரமாட்டாள். சத்தியநாதன் சமையலறைப் பக்கம் திரும்பினார். அமலராணி கதவோரம் கைகட்டி நின்றாள். உதவிக்கு வருகிற மாதிரித் தெரியவில்லை.

"அக்கா, அதுல நிலவேம்பு இருக்கு" என்றார்.

அதற்கு மேல் நிறுத்த முடியவில்லை. அமலராணியின் ஆட்கள் இனிமேல் இந்தப் பக்கமே வரக்கூடாது என்று தான் போட்ட திட்டம், ஏகநாதன் தந்த பொடி, ஜெபராஜின் கிட்டார், பாத்ரூம் வரிசை எல்லாவற்றையும் கொட்டினார். உனக்கு என்று தெரிந்திருந்தால் தேனை ஊற்றியிருப்பேன் என்றார். சொல்லி முடித்துத் திரும்பினால் வாசற்படியில் ஜெபராஜ் நின்றுகொண்டிருந்தார், நனைந்துபோய், கிட்டார் உறையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு. அவருக்குப் பின்னால் குரோம்பேட்டை முழுவதும்.

அக்கா குடையைச் சுவரில் சாய்த்தாள். மேஜைக்குப் போய், கரண்டியால் ஒரு டம்ளர் மொண்டாள். வேண்டாம் அக்கா என்று அவர் கையைப் பிடிப்பதற்குள் பாதியைக் குடித்துவிட்டாள். நாக்கைச் சப்புக்கொட்டினாள். மீதியையும் குடித்தாள்.

"நல்லாத்தானே இருக்கு. இனிப்புதான் கொஞ்சம் தூக்கல்."

சத்தியநாதன் டம்ளரைப் பிடுங்கி முகர்ந்தார். பட்டை, கிராம்பு, திராட்சை. கசப்பின் வாடைகூட இல்லை.

அமலராணி அப்போதுதான் மேஜைக்கு வந்தாள். ஏகநாதன் கிணற்றில் போட்ட கல்லை அவருடைய மனைவி கோகிலவாணி சனிக்கிழமை மத்தியானமே எடுத்து வந்து அவளிடம் கொடுத்துவிட்டாளாம். அதன் பிறகுதான் கிரேஸ்மணி அண்ணிக்குப் போன் போட்டாளாம். நல்ல வைன் இருந்த பெரிய ஜாடியை அவள் அவரிடம் கொடுக்கவே இல்லை. காலையில் அவர் நாற்காலி போடப் போனதும் குண்டானைக் கவிழ்த்துக் கழுவிப் புதிதாகப் போட்டுவிட்டாள்.

"அப்ப நான் சொல்லாமலே இருந்திருக்கலாமே?" என்றார் சத்தியநாதன்.

"இருந்திருக்கலாம்" என்றாள் அமலராணி. "ஆனா உங்க வாயால கேக்கணும்னு எனக்கும் ஒரு ஆசை."

ஜெபராஜ் உள்ளே வந்து, பாத்ரூம் காலியாக இருக்கிறதா மாப்பிள்ளை என்று மிகவும் மரியாதையாகக் கேட்டார். அதற்குத்தான் முதலில் அத்தான் சிரித்தார். பிறகு அக்கா. சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தம்பியின் காதைப் பிடித்து அருகே இழுத்து அவருக்கு மட்டும் கேட்கிறமாதிரி சொன்னாள்.

"அன்னிக்குப் பாயசம் அடி பிடிச்சதுதான்டா."

அவருக்கு வாழ்க்கையில் முதல் முறையாகச் சிலேடை எதுவும் வரவில்லை. அவரே கரண்டியை எடுத்து எல்லோருக்கும் ஊற்றிக் கொடுத்தார். ஜெபராஜ் மூன்றாவது டம்ளருக்குப் பிறகு பாடினார். அக்கா இரண்டாம் குரல் சேர்ந்தாள். கூட்டம் குறைவதற்குப் பதில் பெருகிவிட்டதை அவர் அப்போது கவனிக்கவில்லை. ஆண்டவரே, அக்கா பேசிவிட்டாள், அது போதும் என்று இருந்தது.

சாயங்காலம் தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. ராத்திரி ஊரப்பாக்கம் வரை வண்டி ஓட்ட வேண்டாம், இங்கேயே தங்கலாம் என்று அமலராணி சொன்னாள். மாடி அறையில் புது விரிப்புகூடப் போட்டிருந்தாள். அத்தான் காரிலிருந்து இரண்டு பெட்டிகளை இறக்கினார். ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு வந்தவர்களிடம் பெட்டி எதற்கு என்று சத்தியநாதனுக்குத் தோன்றியது, கேட்கவில்லை. அக்கா அவருடைய சாய்வு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டாள்.

"மழை நின்னதும் கிளம்பிடறோம்டா" என்றாள்.

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டதாக டிவியில் அப்போதுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.