மேம்பாலத்தில் மலையேறியவர்

பெட்ரோல் என்பது எந்த நேரமும் தீர்ந்துபோகக்கூடிய பொருள் என்பதை எங்கள் ரிசர்வ் சார் அளவுக்கு மனதார நம்பியவர் இந்த பூமியில் பிறந்ததில்லை. தஞ்சாவூரில் நாங்கள் வேலை பார்த்த அலுவலகத்தில் அவர் கணக்குப் பிரிவில் இருந்தார். அவருக்கு ஒரு சொந்தப் பெயரும் இருந்தது. சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அதை யாரும் உபயோகித்ததாக ஞாபகம் இல்லை.

வண்டியை எடுப்பதற்கு முன்னால் அதை இரண்டு பக்கமும் ஆட்டுவார். டேங்கில் காதை வைத்து உள்ளே சலசலப்பு கேட்கிறதா என்று பார்ப்பார். டாக்டர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நிமிர்வார். பிறகு நேராக பங்க்.

ஒருமுறை திருப்பனந்தாளில் அலுவலக நண்பர் வீட்டுக் கல்யாணம். தஞ்சாவூரில் டேங்கை நிரப்பிக்கொண்டுதான் அவர் வண்டியில் நாங்கள் இருவரும் கிளம்பினோம். பாபநாசத்தில் நிறுத்தினார். கும்பகோணத்தில் மறுபடி நிறுத்தினார். அங்கே பங்க்காரர் டேங்குக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "சார், அரை லிட்டர்கூடப் புடிக்காதுங்க" என்றார். "புடிக்கிற வரைக்கும் போடுங்க" என்றார் ரிசர்வ் சார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பந்தி முடிந்து கடைசி இலையையும் எடுத்துவிட்டிருந்தார்கள். பெண்ணின் அப்பா பாவப்பட்டு எங்களுக்குத் தயிர்சாதம் போட்டார்.

தன் வண்டியிலிருந்து ஒரு சொட்டு பெட்ரோல் யாருக்கும் கொடுத்ததில்லை. அதற்காகக் கெட்டவர் என்று நினைத்துவிடக் கூடாது. டைப்பிஸ்ட் ஒருவரின் வண்டி அலுவலக வாசலில் நின்றுபோனபோது, அவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு பங்க்குக்குப் போய், பாட்டிலில் வாங்கிக்கொடுத்து, திரும்பக் கொண்டுவந்து விட்டார். டைப்பிஸ்ட் கேட்ட பெட்ரோலைவிட அதிகமாகவே அந்தப் பயணத்தில் செலவாகியிருக்கும். "பெட்ரோல மட்டும் கேக்காதீங்க, வண்டியவே கேளுங்க, தர்றேன்" என்பார்.

இப்படிப்பட்ட மனிதருக்கு லடாக் போகும் ஆசை வந்தது. ஆசையைக் கிளப்பிவிட்டவர் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்த ரபீக் பாய். நாகூர்க்காரர், கொஞ்ச காலம் துபாயில் இருந்தவர். அவர், நான், ரிசர்வ் சார், மூன்று பேர், மூன்று வண்டி என்று முடிவாயிற்று. மணாலி தாண்டி மலை ஏறினால் ஒரு இடத்துக்கு அப்புறம் லே பக்கம் போகிற வரைக்கும் பங்க்கே கிடையாது என்று பாய் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டார். ரிசர்வ் சார் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

மலை ஏறினால் வண்டி எவ்வளவு குடிக்கும் என்று தெரிந்தாக வேண்டும். தஞ்சாவூர் ஜில்லாவில் மலைக்கு எங்கே போவது? தரையெல்லாம் வயல். அவருக்குக் கிடைத்த ஒரே ஏற்றம் ரயில்வே மேம்பாலம். ஞாயிற்றுக்கிழமை காலை, வண்டியில் ஒரு மூட்டை நெல்லையும் மச்சினனையும் ஏற்றிக்கொண்டு, இரண்டாவது கியரில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தார். வெயில் ஏறியதும் மச்சினன் இறங்கி வீட்டுக்குப் போய்விட்டான். அவனுக்குப் பதிலாக இன்னொரு மூட்டை வந்தது. மதியத்துக்கு மேல் ஒரு போலீஸ்காரர் அவரை மடக்கி, எதையாவது தொலைத்துவிட்டுத் தேடுகிறாரா என்று அக்கறையாக விசாரித்தார்.

"இல்லீங்க, மலை ஏறிப் பாக்குறேன்" என்றார் ரிசர்வ் சார்.

ஒருவழியாகப் போனோம். ஒவ்வொரு வண்டியிலும் பக்கத்துக்கு ஒரு கேன் கட்டியிருந்தார். பாய் வீட்டிலிருந்து வந்த ஊறுகாயிலிருந்து என் தலையணை வரைக்கும் எல்லாம் பெட்ரோல் வாசனை. கடைசி பங்க்கைத் தாண்டியபோது அவர் திரும்பித் திரும்பிப் பார்த்தது, பெண்ணைப் புகுந்த வீட்டில் விட்டு வருகிறவர் பார்ப்பதுபோல் இருந்தது.

மறுநாள் மதியம், புல்கூட முளைக்காத ஒரு வெட்டவெளியில், ஒரு பழைய வேன் எங்களுக்கு எதிர்ப்பக்கமாக நின்றிருந்தது. டிரைவர் ரோட்டுக்கு நடுவே வந்து கையை ஆட்டினார். உள்ளே ஒரு பெண். மடியில் சின்னக் குழந்தை. அதன் நெஞ்சு ஏறி இறங்குவது வெளியே நின்ற எங்களுக்கே தெரிந்தது. பாய் இந்தியில் பேசிவிட்டு வந்து சொன்னார். உயரத்தில் பிள்ளைக்கு மூச்சு முட்டுகிறது, உடனே கீழே இறக்கியாக வேண்டும், பெட்ரோல் தீர்ந்துவிட்டது, இனி நாங்கள் முந்தின நாள் தாண்டி வந்த பங்க்தான். வெகு நேரமாக வேறு வண்டியும் வரவில்லையாம்.

நானும் பாயும் ரிசர்வ் சாரைப் பார்த்தோம். அவர் அதற்குள் தன் கேனை அவிழ்த்துக்கொண்டிருந்தார். இரண்டையும் வேனில் ஊற்றினார். என்னுடையதை வாங்கி ஊற்றினார். "பாய், உங்களோடதையும் அவுருங்க" என்றார். அதற்கும் மேலே தன் டேங்கில் ட்யூபைப் போட்டு உறிஞ்சியும் கொடுத்தார்.

"நமக்கு, சார்?" என்றேன்.

"நாம மூச்சு விட்டுகிட்டுதானே தம்பி இருக்கோம்."

வேன் போன பிறகு, கணக்குச் சரியாக வரும், பயப்படாதீங்க என்று எங்களிடம் சொன்னார். அது பொய் என்பது அவருக்கு அப்போதே தெரியும். இறக்கங்களில் இஞ்சினை அணைத்துவிட்டு உருண்டோம். அவர் டேங்க் காலியானதும் எங்கள் வண்டிகளிலிருந்து எடுத்துப் பங்கு போட்டுக்கொண்டோம். மறுநாள் பொழுது சாயும் நேரத்தில், பள்ளத்தாக்கில் பங்க் இருக்கிற ஊர் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில், மூன்று வண்டியும் அடுத்தடுத்து இருமி நின்றன.

எனக்கு அவரைப் பார்க்கவே பயமாக இருந்தது. வாழ்நாள் முழுக்க அவர் பயந்தது இதற்குத்தான். அவர் மெதுவாக இறங்கினார். ஹேண்டில்பாரைப் பிடித்துத் தள்ள ஆரம்பித்தார். கொஞ்ச தூரம் போனதும் அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து ஓடினேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

"இவ்வளவுதானா தம்பி? இதுக்கா இத்தன வருஷம் பயந்தேன்?"

ஊருக்குள் வந்து சிக்னல் கிடைத்ததும், வேன் டிரைவரிடம் வாங்கி வைத்திருந்த நம்பருக்குப் பாயைப் போன் போடச் சொன்னார். கீழே இறங்கியதுமே பிள்ளை பால் குடித்துவிட்டதாம். ரிசர்வ் சார் இரண்டு டீ வாங்கி இரண்டையும் அவரே குடித்தார்.

முழங்கால் தேய்ந்து அவர் வண்டி ஓட்டுவதை விட்டுச் சில வருஷங்கள் ஆகின்றன. இப்போது திருவாரூரில் மகள் வீட்டில் இருக்கிறார். நானும் ரபீக் பாயும் இன்னமும் எங்காவது கிளம்பிக்கொண்டுதான் இருக்கிறோம். கூட வருகிறேன் என்று எத்தனையோ பேர் கேட்டார்கள். எல்லோரும் நல்லவர்கள்தான். ஆனால் மூன்றாவது வண்டியாக யாரையும் சேர்த்துக்கொள்ள எங்களுக்கு மனசு வரவில்லை.