கிளிஃபர்ட் வீட்டு இலவச வைஃபை

கிளிஃபர்டின் கைப்பேசியில் அந்தப் பாழாய்ப்போன வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. ஓட்டுப் போடும் பக்கம் திறப்பேனா என்று அடம்பிடித்தது.

"என்னங்க ஆச்சு?" என்றாள் நோரா.

"நம்ம குடிலுக்கு நானே ஓட்டுப் போட முடியல. அப்புறம் ஊர்ல எவன் போடுவான்?"

விஷயம் இதுதான். லிங்கராஜபுரத்துத் தேவாலயப் பங்கில் கிறிஸ்துமஸ் குடில் போட்டிக்கு இந்த வருஷம் நடுவர்கள் கிடையாது. பங்கு இளைஞர்கள் எல்லா வீட்டுக் குடில்களையும் வீடியோ எடுத்து இணையத்தில் ஏற்றிவிட்டார்கள். யார் வேண்டுமானாலும் ஓட்டுப் போடலாம். ஆனால் எல்லா வீடியோவையும் கடைசிவரை பார்த்தால்தான் ஓட்டுப் பொத்தானே கண்ணில் படும். ஜெயிக்கிற வீட்டிலிருந்துதான் குழந்தை இயேசு சுரூபம் பவனியாகக் கோயிலுக்குப் புறப்படும்.

சில வருஷமாகவே அது எதிர் வீட்டிலிருந்துதான் புறப்படுகிறது. எதிர் வீட்டுக்காரர் தியோடர், நோராவின் கூடப்பிறந்த அண்ணன். "ஆணி அடிக்கத் தெரியாத மாப்பிள்ளைக்குத் தங்கச்சியைக் குடுத்துட்டோம்" என்று கல்யாணப் பந்தியிலேயே சொன்ன மனுஷர்.

இந்த வருஷம் கிளிஃபர்ட் ஆணி அடித்தார். கட்டைவிரலையும் சேர்த்துத்தான் அடித்தார், ஆனாலும் அடித்தார். நோரா களிமண்ணில் ஆடு, மாடு, ஒட்டகம் எல்லாம் தன் கையாலேயே செய்தாள். "ஒரே ஒரு தடவை நம்ம வாசல்லேர்ந்து பவனி கிளம்பணுங்க" என்று அவள் சொன்னதும் கிளிஃபர்ட், கிளப்பிக் காட்டுகிறேன் என்று சத்தியமே செய்துவிட்டார். வாக்கெடுப்பு நாளுக்காக வைட்ஃபீல்ட் ஆபீசில் லீவும் போட்டார்.

ஒருவழியாகப் பக்கம் திறந்தது. தியோடர் கொஞ்சம் முன்னால் இருந்தார். மொத்த ஓட்டையே கைவிரல் விட்டு எண்ணிவிடலாம்.

"ஜனங்ககிட்ட டேட்டா இல்ல நோரா! இவ்ளோ வீடியோவையும் பார்த்தா டேட்டா என்னத்துக்கு ஆகும்? அதான் எவனும் போடல."

"அதுக்கு நாம என்ன பண்றது?"

"நம்ம வைஃபையைத் திறந்து விடறோம்."

பாஸ்வேர்டை எடுத்துவிட்டார். ஒரு அட்டையில் 'குடிலுக்கு ஓட்டுப் போடுங்கள், வைஃபை இலவசம்' என்று தமிழிலும் கன்னடத்திலும் எழுதி கேட்டில் கட்டினார்.

நோரா அட்டையைப் பார்த்தாள். "யாருக்குப் போடணும்னு எழுதலையே?"

"சேச்சே, அது அசிங்கம். நம்ம வாசல்ல உக்காந்து, நம்ம வைஃபைல பார்த்துட்டு, வேற யாருக்குடி போடுவான்?"

கொஞ்ச நேரத்தில் ஆட்டோக்காரர் கோவிந்தப்பா நாலு பேரோடு வந்து நின்றார். "வைஃபை இங்கயா சார்? கேட்டாண்ட சிக்னலே வரல்லியே."

பின்கட்டிலிருந்த வைஃபை பெட்டியைத் தூக்கி முன்வாசலுக்குக் கொண்டுவந்தார் கிளிஃபர்ட். அங்கே இருந்த ஒரே பிளக்கில் குடிலின் நட்சத்திரம் எரிந்துகொண்டிருந்தது. அதைப் பிடுங்கிவிட்டுப் பெட்டியைச் சொருகி, குடிலுக்குள் மாட்டுக்குப் பின்னால் வைத்தார்.

"நட்சத்திரம் இல்லாம மூணு ராஜாக்களும் எப்படிங்க வழி கண்டுபிடிப்பாங்க?"

"வைஃபை பிடிச்சு வந்துடுவாங்க, போ."

ராஜாக்கள் வந்தார்களோ இல்லையோ, ஊரே வந்தது. ஆட்டோ ஸ்டாண்டு வந்தது. சாப்பாடு கொண்டுபோகும் பையன்கள் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் வந்து உட்கார்ந்தார்கள். தெருமுனையில் கட்டடம் கட்டுகிறவர்கள் சாந்துக் கையோடு வந்தார்கள். சுவரில் இடமில்லாமல் ஒருவர் குடிலின் மேல் சாய்ந்ததில் ஒட்டகத்துக்குக் கால் போயிற்று.

"ஐயோ, என் ஒட்டகம்!" என்று அலறினாள் நோரா.

"விடும்மா, வீடியோல அது நாலு காலோடதான் நிக்குது. வந்தவங்களைக் கவனி. பசியில இருக்கிறவன் எப்படி எல்லா வீடியோவையும் பார்ப்பான்?"

பண்டிகைக்குச் சுட்டு வைத்த ரோஸ் குக்கீஸ் டின் வெளியே வந்தது. அது காலியானதும் இன்னொரு பலகாரமான கல்கல் டின் வந்தது. டீ போட்டுப் போட்டு நோராவுக்குக் கை ஓய்ந்துபோனது. கிளிஃபர்ட் மட்டும் ஓயவில்லை. கல்கலை நீட்டிக்கொண்டே ஒவ்வொருவரிடமும் போய்க் கேட்டார்.

"ஓட்டுப் போட்டாச்சா?"

"ஹாக்கிதே சார், போட்டாச்சு!" என்று வாய் நிறைய கல்கலோடு பதில் வந்தது.

கிளிஃபர்டுக்குத் தலைகால் புரியவில்லை. எட்டி எதிர் வீட்டைப் பார்த்தார். தியோடர் வீட்டு வாசலில் ஒரு காக்கா குருவி இல்லை. மனுஷர் மட்டும் கேட்டைப் பிடித்துக்கொண்டு, போகிறவர் வருகிறவரிடம் பேசிக்கொண்டிருந்தார். நடுவில் ஒருமுறை கிளிஃபர்டைப் பார்த்துக் கையை வேறு ஆட்டினார்.

"பாவம், மச்சான்" என்றார் கிளிஃபர்ட். "ஆறுதலா ரெண்டு கல்கல் குடுத்தனுப்பட்டுமா?"

"எங்கண்ணன் சிரிச்சா எனக்குப் பயமா இருக்குங்க" என்றாள் நோரா.

அடுத்த சோதனை அப்போதுதான் வந்தது. ஓட்டுப் போட்டவர்கள் எழுந்து போகவில்லை. சும்மா கிடைக்கிற வைஃபையை விட்டு யார் போவார்கள்? பாதிப் பேர் கிரிக்கெட் பார்த்தார்கள், மீதிப் பேர் ஊருக்கு வீடியோ கால் போட்டார்கள். வைஃபை ஆமையாகிவிட்டது. புதிதாக வந்தவர்கள் "சார், சுத்திட்டே இருக்கு" என்று முனகினார்கள்.

"ஒரு ஓட்டும் வீணாகக் கூடாது!" என்று சொல்லிக் கிளிஃபர்ட் தன் கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டையும் திறந்துவிட்டார். அன்றைய டேட்டா கண்மூடித் திறப்பதற்குள் தீர்ந்தது. நோராவுடையதையும் பிடுங்கித் திறந்தார், அதுவும் தீர்ந்தது. இப்போது ஊரே ஓட்டுப் போடுகிறது, கிளிஃபர்டுக்கு மட்டும் யார் முன்னால் என்று பார்க்க வழியில்லை. தன் ஓட்டையும் அவர் இன்னும் போடவில்லை.

"அதனால என்ன? இத்தனை பேர் போட்டாங்களே, அது போதும்" என்று மனைவியைத் தேற்றினார். அவளும் சேலையை மாற்றிக்கொண்டு வந்தாள். பவனிக்கு வாசலில் எங்கே கோலம் போடுவது, ஃபாதரை எங்கே உட்காரவைப்பது என்றெல்லாம் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

சாயங்காலம் கோயில் மணி அடித்ததும் வாக்கெடுப்பு முடிந்தது. "எல்லாரும் ஃபோனை அணைங்கப்பா, ரிசல்ட் பார்க்கணும்!" என்று கிளிஃபர்ட் கையெடுத்துக் கும்பிட்டார். கூட்டம் மெல்லக் கலைந்தது. பக்கம் இப்போது பளிச்சென்று திறந்தது.

தியோடர் மலைபோல் நின்றார். கிளிஃபர்டின் பெயர் கடைசிக்கு முன்னால், காலையில் இருந்த அதே ஓட்டுகளோடு கிடந்தது.

நோரா கால் போன ஒட்டகத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அதைப் பார்த்ததும் கிளிஃபர்டுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

"தில்லுமுல்லு! இது பச்சைத் தில்லுமுல்லு! காலைலேர்ந்து இத்தனை பேர் இங்க வந்து ஓட்டுப் போட்டாங்க. அந்த ஆள் கேட்டை விட்டு நகரவே இல்ல. அவருக்கு எங்கேர்ந்து வந்துது இத்தனை ஓட்டு?"

கேட்டருகே செருப்பைத் தேடிக்கொண்டிருந்த கோவிந்தப்பா, கடைசி கல்கலை வாயில் போட்டுக்கொண்டு திரும்பினார்.

"என்ன சார் இப்பிடிக் கேக்கறீங்க? அவருதானே எங்க ஒவ்வொருத்தரையும் கூப்ட்டு, 'வைஃபையும் கல்கலும் எதிர் வீட்ல, ஓட்டு மட்டும் எனக்கு'ன்னு சொல்லி இங்க அனுப்பிவெச்சாரு!"